வெளுத்த பவளம்: அணிவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரியம்மாவின் தாலிக்கொடியில் கோத்திருந்த இரண்டு பவளமணிகள் ஒரு கோடையில் மெருகிழந்து வெளுத்தபோது, பெரியப்பாவுக்கு ஏதோ கெடுதல் வரப்போகிறது என்று வீடே கலங்கியது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் புளி கரைத்துக் கொடியைத் துலக்கி வந்ததுதான் மணிகளைக் கெடுத்திருந்தது.

பவளம் சுரங்கத்தில் கிடைக்கும் கல் அன்று. கடலடியில் கூட்டமாக வாழும் சிற்றுயிர்கள் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூடப் பருக்காமல் மெல்ல மெல்லக் கட்டும் கூடு அது. முட்டையோட்டைப் போலவே பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்டால் ஆனது. ஆகவே புளி, எலுமிச்சை, வினிகர் என எந்தப் புளிப்பும் அதன் மேற்பரப்பை அரிக்கும். வியர்வையும் வாசனைத் திரவியமும் அதே வேலையை மெதுவாகச் செய்யும். அணிந்தவர் நோயுற்றால் பவளம் நிறம் மங்கும் என்ற நம்பிக்கை ஐரோப்பாவிலும் இருந்தது. உடலோடு ஒட்டிக் கிடக்கும் மணி மங்குவதற்கு வியர்வையே போதும் என்பதால், அதைச் சகுனமாகப் படிப்பது வீண் அச்சத்தையே தரும்.

சிவப்பு நிறத்தால் பவளத்தை இரத்தத்தோடும் செவ்வாயோடும் சேர்த்துப் பார்ப்பது நமது வழக்கம். ரோமானிய அறிஞர் பிளினி, முதல் நூற்றாண்டிலேயே, இந்தியர் பவளத்தைப் பெரிதாக மதிப்பதையும் குழந்தைகளுக்கு அது காப்பாக அணிவிக்கப்படுவதையும் எழுதியிருக்கிறார். செவ்வாய் தோஷத்துக்கென்று நம்பி அணிபவரோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் பவள மோதிரம் போட்டாயிற்று என்று இரத்தசோகைக்கான மாத்திரையை நிறுத்துவது பெருந்தவறு. விரலில் கிடக்கும் மணியிலிருந்து தோல் வழியே கால்சியமோ இரும்போ உடலுக்குள் போவதில்லை. சித்த மருத்துவத்தில் பவள பற்பம் உண்டே என்பார்கள். அது முறைப்படி புடமிட்டு, மருத்துவர் அளவு சொல்லி உட்கொள்ளும் மருந்து. அதை எண்ணி வீட்டில் பழைய மணியை இடித்துத் தின்பது, மணியில் ஏற்றிய சாயத்தையும் சேர்த்துத் தின்பதாக முடியலாம்.

வாங்கும்போது எலுமிச்சைச் சாற்றை விட்டு, நுரைத்தால் அசல் என்று முடிவுகட்டுவோர் இருக்கிறார்கள். சிவப்புச் சாயமேற்றி அசலென்று விற்கப்படும் மூங்கில் பவளமும் (மூங்கில்போல் கணுக்கள் கொண்ட வேறொரு பவள வகை) கால்சியம் கார்பனேட்டே என்பதால் அதுவும் நுரைக்கும். அசலாக இருந்தாலோ மெருகு போய்விடும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், சாயமேற்றிய மணியின் கீறல்களிலும் துளையின் ஓரத்திலும் நிறம் தேங்கி நிற்பது பல சமயம் தெரியும். விலை அதிகமென்றால் இரத்தினப் பரிசோதனைக் கூடத்தின் சான்றிதழைக் கேட்பதே முறை.

நீலமும் வைரமும் கிடக்கும் பெட்டியில் பவளத்தையும் போட்டு வைக்காதீர்கள், அவை அதை எளிதில் கீறிவிடும். கழற்றியதும் ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி, தனிப் பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் போதும்.