கடலோரத்திலிருந்து ஸ்பிட்டிக்கு: திபெத்தியப் பண்பாட்டை அறிய ஒரு சாலைப் பயணத் திட்டம்

திபெத்திய வாழ்க்கையை அருகிலிருந்து அறிய விரும்பும் நம் புதுச்சேரி, கடலூர்ப் பகுதியினர் பெரும்பாலும் முதலில் நினைப்பது லாசாவைத்தான். ஆனால் சீன விசாவோடு திபெத்துக்கான தனி அனுமதியும் உடன்வரும் வழிகாட்டியும் அங்கே கட்டாயம் என்பதால், விரும்பிய கிராமத்தில் விரும்பிய வரை தங்குவது இயலாது. அந்த உரிமை இமாச்சலப் பிரதேசத்தின் கின்னௌர், ஸ்பிட்டிப் பகுதிகளில் நமக்கு உண்டு. ஆயிரம் ஆண்டுகளாக வழிபாடு நடந்துவரும் கோம்பாக்கள் எனும் பௌத்த மடங்களும், திபெத்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த பேச்சும், பார்லி வயல்களும் உள்ள அந்தப் பாதையில் செல்ல இந்தியக் குடிமக்களுக்கு உள்நுழைவு அனுமதி தேவையில்லை.

புதுச்சேரி வாசகர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் குடும்பங்கள் பலவற்றில் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், எல்லையை ஒட்டிய அந்தச் சாலைக்கு வெளிநாட்டினருக்குரிய அனுமதியைப் பெற்றாக வேண்டும். அது கின்னௌர் மாவட்டத் தலைநகரான ரெக்காங் பியோவில் கிடைக்கும். அலுவலகம் இயங்கும் வேலைநாளில் அங்கே சென்று சேரும்படி நாட்களை அமைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி விடுமுறையை ஒட்டி மே மாதத்தில் செல்பவர்கள், சிம்லா வழியாகவே சென்று அதே வழியாகத் திரும்ப வேண்டியிருக்கும். மணாலிப் பக்கத்துக் குன்சும் கணவாய் பொதுவாக ஜூன் மாதத்தில்தான் திறக்கிறது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஸ்பிட்டியில் மழை குறைவாக இருந்தாலும், அங்கே இட்டுச்செல்லும் கின்னௌர் சாலையில் மண்சரிவு மிகுதி. என் பரிந்துரை செப்டம்பர். அறுவடைக் காலமாதலால் ஊரே வயலில் இருக்கும். நம் ஊரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் வீடு திரும்பியும் விடலாம்.

பாதையைத் தேர்ந்தெடுப்பதில்தான் மிகுந்த கவனம் தேவை. கடல் மட்டத்தில் வாழும் நம் உடல், மணாலியிலிருந்து ஒரே நாளில் 4,500 மீட்டருக்கு மேலுள்ள குன்சும் கணவாயைக் கடந்து சுமார் 3,800 மீட்டர் உயரத்திலுள்ள, ஸ்பிட்டியின் தலைமை ஊரான காசாவில் உறங்குவதைத் தாங்கும் என்று எண்ணக் கூடாது. சென்னை வழியாகச் சண்டிகரை அடைந்து, சிம்லாவில் ஓர் இரவும், சுமார் 2,900 மீட்டர் உயரத்திலுள்ள கல்பாவில் இரண்டு இரவுகளும் தங்குங்கள். கல்பாவிலிருந்து கின்னர் கைலாசம் தெரியும். கீழே ஓடும் சட்லஜ் நதி கயிலை, மானசரோவர்ப் பகுதியிலிருந்து வருவது. கயிலையை நாடிச் சென்ற அப்பர் கரையேறிய திருப்பாதிரிப்புலியூரிலிருந்து வருபவர்களுக்கு அந்த நதியோரச் சாலை தனி நிறைவைத் தரும். பிறகு காப் என்னுமிடத்தில் ஸ்பிட்டி ஆறு சட்லஜில் கலப்பதைப் பார்த்துவிட்டு, நாக்கோவில் மதியம் இளைப்பாறி, அதைவிடத் தாழ்வான தாபோவில் இரவு தங்கினால் உடல் உயரத்துக்குப் பழகிவிடும். தலைவலியோடு குமட்டலும் தள்ளாட்டமும் சேர்ந்தால் ஓய்வெடுத்துச் சமாளிக்கப் பார்க்காமல் உடனே கீழே இறங்க வேண்டும். இதய நோய், சர்க்கரை நோய் உள்ளவர்களும், உயரத்துக்கான மாத்திரை எடுத்துக்கொள்ள நினைப்பவர்களும் புறப்படும் முன் மருத்துவரைக் கலந்தாலோசிப்பது அவசியம்.

இங்கிருந்து சொந்தக் காரை ஓட்டிச் செல்வதை நான் பரிந்துரைப்பதில்லை. கின்னௌர் அல்லது ஸ்பிட்டியைச் சேர்ந்த ஓட்டுநரோடு வண்டியை அமர்த்துங்கள். சாலையையும் கிராமத்து மனிதர்களையும் ஒருங்கே அறிந்தவர் அவர். செலவைக் குறைக்க எண்ணுபவர்களுக்கு ரெக்காங் பியோவிலிருந்து காசாவுக்கு அரசுப் பேருந்து உண்டு. கையில் போதிய ரொக்கம் இருக்கட்டும்.

புறப்படும் முன்பே கற்கத் தொடங்கலாம். ஆரோவில்லில் தலாய் லாமா 2009-இல் திறந்துவைத்த திபெத்தியப் பண்பாட்டு அரங்கு நமக்கு மிக அருகில் இருக்கிறது. சில நாட்கள் ஒதுக்க முடிந்தால், மைசூருக்கு மேற்கே பைலகுப்பேயிலுள்ள திபெத்தியக் குடியிருப்புக்கும் சென்று வாருங்கள்.

பயணத்தின் மையமாக நான் கருதுவது தாபோ. மேற்குத் திபெத்தின் கூகே நாட்டு அரசர் யேஷே ஓ, மொழிபெயர்ப்பாளர் ரின்சென் சாங்போ ஆகியோரின் முயற்சியால் 996-இல், அதாவது தஞ்சையில் ராஜராஜன் ஆண்ட காலத்தில், மண்ணால் எழுப்பப்பட்ட கோம்பா அது. அதன் முதன்மை மண்டபத்தில் நான்கு உருவாக அமர்ந்த வைரோசன புத்தரைச் சுற்றி, சுவர்களிலிருந்து சுதைச் சிற்பங்கள் முன்வந்து நிற்கின்றன. அவற்றின் மேலும் கீழும் ஓவியங்கள் விரிகின்றன. உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை, வெளிச்சமும் குறைவு; ஆகவே கண் பழகும்வரை நின்று பாருங்கள், மறுநாளும் செல்லுங்கள். அதிகாலை வழிபாட்டில் அமர விரும்பினால் முதல் நாள் மாலையே துறவிகளிடம் கேட்டுக்கொள்வது முறை.

காசாவைச் சுற்றி லாங்சா, ஹிக்கிம், கோமிக் என மூன்று ஊர்களையும் ஒரே பகலில் ஓடிப் பார்ப்பதே பலரின் வழக்கம். ஓர் ஊரில் இரண்டு இரவுகள் ஒரு வீட்டில் தங்குவதே மேல். ‘ஜூலே’ என்று வணங்கி நுழையுங்கள். நம் சத்துமாவைப் போன்ற வறுத்த பார்லி மாவான சாம்பாவும், உப்பிட்ட வெண்ணெய்த் தேநீரும் தருவார்கள். கோப்பை காலியானால் மீண்டும் நிரப்புவார்கள். போதுமென்றால் நிறைந்த கோப்பையை அப்படியே வைத்திருந்து, விடைபெறும்போது பருகலாம். தண்ணீர் அரிது, கழிப்பறை உலர்வகை. அதற்கு மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய ‘மணி’ச் சுவர்களையும் ஸ்தூபிகளையும் நம் கோயில்களைப் போலவே வலமாகச் சுற்ற வேண்டும். லாங்சாவில் விற்கப்படும் கடல்வாழ் உயிரினப் புதைபடிவங்களை வாங்காதீர்கள். அவை அந்த மலைக்கு உரியவை.

திரும்பும்போது உடல் பழகியிருக்கும் என்பதால், கணவாய் திறந்திருக்கும் மாதங்களில் குன்சும் வழியாக அடல் சுரங்கப்பாதையைக் கடந்து மணாலியை அடையலாம். சாலை எந்த நாளும் அடைபடக்கூடும். ஆகவே சண்டிகரிலிருந்து ஊர் திரும்பும் பயணச்சீட்டை, குறைந்தது இரண்டு நாட்கள் உபரியாக விட்டே பதிவு செய்யுங்கள்.