'தி பிளின்ட்ஸ்டோன்ஸ்': சமூகப் பார்வையை எடைபோடுவோர் செய்யும் தவறுகள்

பழைய கார்ட்டூன் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு 'இது ஆணாதிக்கம்', 'இது இனவெறி' என்று தீர்ப்பு எழுதுவது சுலபம். அதில் அடிக்கடி மாட்டுவது, கற்காலத்தில் வாழும் ஒரு குடும்பத்தைப் பற்றிய அமெரிக்கக் கார்ட்டூன் தொடரான 'தி பிளின்ட்ஸ்டோன்ஸ்'. தீர்ப்பு சில சமயம் சரியாகவே இருக்கும்; காட்டும் ஆதாரம்தான் இடிக்கும்.

கார்ட்டூன் நெட்வொர்க்கில் பார்த்து வளர்ந்தவர்கள் இதைச் சிறுவர் தொடர் என்றே நினைக்கிறார்கள். 1960 செப்டம்பரில் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி இதை வெள்ளிக்கிழமை இரவு எட்டரைக்கு, பெரியவர்களுக்காகத்தான் போட்டது. முதலாளியின் அதட்டல், மாமியார் வருகை, மனைவிக்குத் தெரியாமல் நழுவுவது என்று நகைச்சுவை முழுக்கக் குடும்பஸ்தனுடையது. 'பிள்ளைகளைக் கெடுக்கிறதா?' என்ற கேள்வியோடு உட்கார்ந்தால் பாதி விஷயம் கண்ணில் படாது.

அதைவிடப் பெரிய தவறு, காசு கொடுத்தவனை மறப்பது. தொடக்க ஆண்டுகளில் வின்ஸ்டன் சிகரெட் ஒரு விளம்பரதாரர். தொடரின் நாயகன் ஃபிரெட் பிளின்ட்ஸ்டோனும் அவன் பக்கத்து வீட்டு நண்பன் பார்னியுமே அந்த விளம்பரங்களில் புகைத்தார்கள். ஒன்றில் ஃபிரெடின் மனைவி வில்மா புல் வெட்டுகிறாள், பார்னியின் மனைவி பெட்டி கம்பளம் தட்டுகிறாள். இவர்கள் இப்படி உழைப்பதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது என்கிறான் பார்னி. அப்படியானால் கண்ணில் படாத இடத்துக்குப் போவோம் என்கிறான் ஃபிரெட். இருவரும் வீட்டுக்குப் பின்னால் போய்ப் பற்ற வைக்கிறார்கள். அந்தக் காலத்து ஆண்-பெண் கணக்கை எந்தக் கதையும் இவ்வளவு பச்சையாகச் சொல்லவில்லை என்பேன். மறு ஒளிபரப்பை மட்டும் பார்ப்பவருக்கு இது கிடைக்காது. தொடரில் 1963இல் பிறந்த ஃபிரெட்-வில்மாவின் மகள் பெபிள்ஸ் கூட முதலில் ஆண் குழந்தையாகத்தான் திட்டமிடப்பட்டாள்; பொம்மை விற்க வசதி என்று பெண்ணானாள்.

ஃபிரெடின் வாய்ச்சவடாலைத் தொடரின் கொள்கையாக எடுத்துக்கொள்வதும் சரியல்ல. அவன் போடும் திட்டம் பெரும்பாலும் அவன் தலையிலேயே விடியும். உடனே 'அப்படியானால் பெண்ணியத் தொடர்' என்று மறுபக்கம் தாவுகிறவர்களும் உண்டு. வில்மா வாக்குவாதத்தில் ஜெயிக்கிறாள், சரி. ஜெயித்த பிறகு அடுப்படிக்குத்தானே திரும்புகிறாள்?

உருவகம் தேடுவதிலும் நிதானம் வேண்டும். 1964 நவம்பரில் பிளின்ட்ஸ்டோன் வீட்டுக்குப் பக்கத்தில் குரூசம்ஸ் என்ற விசித்திரக் குடும்பம் குடிவருகிறது. அமெரிக்காவில் இனப் பாகுபாட்டைத் தடை செய்த குடிமை உரிமைச் சட்டம் நிறைவேறிய அதே ஆண்டு. வெள்ளையர் தெருவில் கறுப்பினக் குடும்பம் குடியேறுவதன் குறியீடு இது என்று வாசிக்கக் கை துறுதுறுக்கும். ஆனால் அந்த செப்டம்பரில்தான் 'தி ஆடம்ஸ் ஃபேமிலி', 'தி மன்ஸ்டர்ஸ்' என்று இரண்டு பேய்க் குடும்பத் தொடர்கள் வந்திருந்தன. முதலாவது அதே ஏபிசியில். கிண்டல் அவற்றைத்தான் என்பதே எளிய விளக்கம். இனப் பாகுபாடு பற்றிப் பேச வேண்டுமானால் குரூசம்ஸை விட்டுவிட்டு, கதை நடக்கும் ஊரான பெட்ராக்கின் முக்கியப் பாத்திரங்கள் அத்தனை பேரும் ஏன் வெள்ளையர்கள் என்று கேட்கலாம். அந்தக் கேள்வி இந்தத் தொடரோடு நிற்காது. அன்றைய அமெரிக்கத் தொலைக்காட்சியின் முக்கால்வாசி நிகழ்ச்சிகளும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.