கன்கஷனுக்குப் பிறகு ஓய்வு: வீடுகளில் நடக்கும் தவறுகள்

ஹெல்மெட் போடுங்கள், மது வேண்டாம் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். தலையில் அடிபட்டு, டாக்டர் பார்த்து "கன்கஷன்தான் (மூளை அதிர்ச்சி), பயமில்லை" என்று அனுப்பிவைத்த பிறகு வீட்டில் நடக்கும் தவறுகளைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டும்.

ஸ்கேன் நார்மல், அதனால் ஒன்றுமில்லை

சி.டி. ஸ்கேனில் தெரிவது இரத்தக் கசிவும் எலும்பு முறிவும். கன்கஷனில் கெடுவது நரம்பு செல்கள் வேலை செய்யும் விதம். அது படத்தில் விழாது. நினைவு தப்பாமலும் கன்கஷன் வரும். பெரும்பாலானவர்களுக்கு நினைவு தப்புவதே இல்லை.

ஆனால் வாந்தி திரும்பத் திரும்ப வந்தாலோ, தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, வலிப்பு, கைகால் பலவீனம், பேச்சுக் குழறல், எழுப்ப முடியாத தூக்கம், காது மூக்கில் நீர் கசிவு என்று எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் காட்டிவிட வேண்டும்.

அன்றைக்கே மறுபடி களமிறங்குவது

2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் டெஸ்டில் இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர் ஆர்ச்சரின் பவுன்சர் ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. சோதனைகளில் தேறி, முக்கால் மணி நேரத்தில் மறுபடி பேட் செய்ய வந்தார். மறுநாள் காலையில்தான் தலைவலியும் தலைசுற்றலும் தெரிந்தன. அவருக்குப் பதில் லபுஷேன் ஆடினார், அடுத்த டெஸ்டிலும் ஸ்மித் இல்லை. அறிகுறிகள் ஒரு நாள், இரண்டு நாள் கழித்தும் வரும். சந்தேகம் இருந்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது.

வாரக்கணக்கில் இருட்டறை

அதிகம் கெடுதல் செய்வது இதுதான். எத்தனை முறை சொன்னாலும் மாறாததும் இதுதான். ஜன்னலைச் சாத்தி, புத்தகத்தைப் பிடுங்கி, நண்பர்களைத் தடுத்து, "தலைவலி சுத்தமாகப் போகும்வரை படுத்தே இரு" என்பார்கள். 2000-களில் வந்த சர்வதேச நெறிமுறைகளே அறிகுறி தீரும்வரை ஓய்வு என்றுதான் சொல்லின, அதனால் பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நெறிமுறை மாறி வருடங்கள் ஆகிவிட்டன. விளையாட்டுக் கன்கஷன் பற்றிய 2016 பெர்லின் மாநாடும் 2022 ஆம்ஸ்டர்டாம் மாநாடும் 24 முதல் 48 மணி நேர ஓய்வு போதும் என்றன, அதுவும் முழு முடக்கம் அல்ல.

மில்வாக்கியில் 11 முதல் 22 வயதுள்ளவர்களிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், ஐந்து நாள் கண்டிப்பான ஓய்வில் இருந்தவர்கள்தான் அதிக அறிகுறிகளைச் சொன்னார்கள், அவை தணியவும் அதிக நாள் ஆனது. காரணம் புரியாததல்ல. படுத்தே கிடந்தால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். பகலில் தூங்கினால் இரவுத் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் தலைவலி வரும். கவனிக்க வேறு எதுவும் இல்லாத மனம் வலியையே கவனிக்கும். அதைக் கன்கஷன் ஆறவில்லை என்று நினைத்து, வீட்டார் ஓய்வை இன்னும் நீட்டுவார்கள்.

செய்ய வேண்டியது இது. முதல் இரண்டு நாள் வீட்டுக்குள் நடக்கலாம், குளிக்கலாம், பேசலாம். செல்போனும் டிவியும் மட்டும் கூடியவரை வேண்டாம். முதல் 48 மணி நேரம் திரையைத் தவிர்த்தவர்கள் சீக்கிரம் தேறினார்கள் என்று 2021-இல் ஓர் ஆய்வு காட்டியது. அடுத்து, தலைவலி லேசாக இருந்தாலும் தினமும் 15, 20 நிமிடம் நடை அல்லது நின்ற இடத்திலேயே மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிள். 220-இலிருந்து வயதைக் கழியுங்கள். அதில் 55 சதவீத நாடித்துடிப்பு வரை முதல் படி, 70 சதவீதம் வரை அடுத்த படி. பதினாறு வயதுப் பிள்ளைக்கு அது நிமிடத்துக்கு சுமார் 112, பிறகு 143.

தொடங்கும் முன் அறிகுறிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் கேளுங்கள். 3-இல் இருந்தது 5 ஆகி, ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டால் பயப்பட வேண்டாம். இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் ஏறினாலோ, ஒரு மணி நேரத்தைத் தாண்டினாலோ நிறுத்தி, மறுநாள் குறைத்துச் செய்யுங்கள். லேசாக வலி கூடினால் மூளை சேதமாகிறது என்று அர்த்தமல்ல. இந்த ஒரு விஷயம் புரிந்தாலே பாதி வீடுகளில் இருட்டறை திறந்துவிடும்.

தூங்கவிடாமல் எழுப்பிக்கொண்டே இருப்பது

டாக்டர் பார்த்துவிட்டார் என்றால் தூங்கட்டும்.

வலி மாத்திரை

பாராசிட்டமால் போதும். முதல் இரண்டு நாள் ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் வேண்டாம். வாரக்கணக்கில் தினமும் போட்டால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும்.

பள்ளிக்குத் திரும்பும் முன்பே மைதானம்

வரிசை தலைகீழாகக் கூடாது. முதலில் வீட்டில் அரை மணி நேரம் படிப்பு, பிறகு பள்ளியில் அரை நாள், பிறகு முழு நாள். அதற்கிடையே ஓட்டமும் தனிப் பயிற்சியும் நடக்கலாம். மோதலோ தலையில் அடிபடும் வாய்ப்போ உள்ள பயிற்சி, படிப்பு முழுதாகத் திரும்பி, ஓடும்போதும் அறிகுறி வராமல், டாக்டரும் சரி என்ற பிறகுதான். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். அதற்குப் பிறகான மைதானப் படிகளில் அறிகுறி திரும்பினால் ஓட்டமும் தனிப் பயிற்சியும் உள்ள படிக்கே திரும்புங்கள். நான்கு வாரம் ஆகியும் தேறவில்லை என்றால் இன்னும் ஓய்வு கொடுத்துப் பார்க்காதீர்கள், கழுத்து, கண் அசைவு, சமநிலை மூன்றையும் சோதிக்கத் தெரிந்தவரிடம் கூட்டிப்போங்கள்.