மின்னூல் கருவியில் கிரேக்க நூல்களை வாசிக்க

கிரீஸ் நாடு 1982-இல் ஒரே வகை அழுத்தக்குறியை மட்டும் இடும் ஒற்றை அழுத்தக்குறி முறைக்கு மாறியதால், அதன்பின் வந்த நூல்கள் கோபோ, கிண்டில் போன்ற கருவிகளில் பெரும்பாலும் சிக்கலின்றித் தெரியும். பழைய நூல்கள் அப்படியல்ல: ஒரே உயிரெழுத்தின் தலைமேல் மூச்சுக்குறியும் (சொல்லின் தொடக்கத்தில் ‘ஹ’ ஒலி உண்டா என்று காட்டுவது) அழுத்தக்குறியும், அடியில் அயோட்டா என்ற எழுத்தின் சிறிய வடிவமும் சேர்ந்து வரக்கூடும், அந்த வடிவம் எழுத்துருவில் இல்லையென்றால் அங்கே வெற்றுக் கட்டமே தோன்றும். அதற்கு, கிரேக்க எழுத்துருக் கழகம் இலவசமாக வழங்கும் அழகான ஜிஎஃப்எஸ் டிடோ எழுத்துருவைப் பதிவிறக்கி, கருவியைக் கணினியுடன் இணைத்து, அதிலுள்ள ஃபான்ட்ஸ் கோப்புறையில் இடுங்கள். கோபோவில் அக்கோப்புறை இல்லையெனில் நீங்களே உருவாக்கலாம். பிறகு நூலைத் திறந்து, எழுத்துருப் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுங்கள். பக்கங்களைப் படமாக வருடிய பிடிஎஃப் நூல்களுக்கு இவ்வழி உதவாது. ஆகவே முடிந்தவரை, எழுத்துருவை மாற்ற இயலும் இபப் (EPUB) என்ற மின்னூல் வடிவத்தையே தேடிப் பெறுங்கள்.