320 பிக்சலில் தொடங்குங்கள்

எல்லாத் திரைகளுக்கும் பொருந்தும் தமிழ் வலைப்பக்கம் செய்யும்போது, எந்த ஃபோனுக்கு எத்தனை பிக்சல் என்று பட்டியல் போட்டுக்கொண்டு டிசைனைத் தொடங்காதீர்கள். அடுத்த மாடல் வந்ததும் அந்தப் பட்டியல் பழசாகிவிடும். நான் செய்வது வேறு. பக்கத்தில் வரப்போகும் தமிழ் உரையையே போட்டுவிட்டு, பிரவுசர் விண்டோவை 320 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, அங்கிருந்து மெல்ல மெல்ல அகலப்படுத்துவேன். வரிகள் எங்கே கண்ணை உறுத்துகின்றனவோ அங்கேதான் பிரேக்பாயிண்ட், அதாவது அமைப்பு மாற வேண்டிய அகலம். அதை பிக்சலில் எழுதாமல், எழுத்தின் அளவை வைத்துக் கணக்கிடும் 'எம்' அளவில் எழுதினால், பிரவுசரில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவருக்கும் அமைப்பு சரியாக மாறும்.

320-க்கு ஒரு காரணம் உண்டு. வலைப்பக்கத்தை எல்லாராலும் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதற்கான வழிகாட்டியான டபிள்யூசிஏஜி 2.1 விதிப்படி, அந்த அகலத்தில் பக்கவாட்டில் ஸ்க்ரோல் செய்யாமலே உரையைப் படிக்க முடிய வேண்டும். 1280 பிக்சல் திரையில் 400% ஜூம் செய்து படிக்கும் பார்வைக் குறைபாடு உள்ளவருக்கும் அதே 320 தான் கிடைக்கிறது. சின்ன ஃபோனுக்காகச் செய்யும் வேலை அவருக்கும் உதவும்.

பக்கத்தை எந்த அகலத்தில் காட்டுவது என்று பிரவுசருக்குச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா டேக் எச்டிஎம்எல்லில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாவிட்டால் பெரும்பாலான மொபைல் பிரவுசர்கள் பக்கத்தை 980 பிக்சல் அகலமாகக் கருதி மொத்தமாகச் சுருக்கிக் காட்டும். திரையின் அளவைப் பார்த்து அமைப்பை மாற்ற நீங்கள் எழுதிய மீடியா குவெரிக்கு வேலையே இருக்காது. அந்த டேக்கில் 'வித்' என்பதற்கு 'டிவைஸ்-வித்', 'இனிஷியல்-ஸ்கேல்' என்பதற்கு 1, அவ்வளவு போதும். ஜூமைத் தடுக்கும் வரியைத் தயவுசெய்து சேர்க்காதீர்கள். படிப்பவரின் கையைக் கட்டிப்போடுவது அது.

இனி, தமிழ்ப் பக்கங்களில் நான் அடிக்கடி பார்க்கும் சிக்கல். ஆங்கில டெம்ப்ளேட்டை எடுத்துத் தமிழைப் போட்டதும், அருகருகே நிற்கும் மூன்று பத்திகளில் (நெடுவரிசைகளில்) ஒன்று மட்டும் வீங்கி, பக்கம் வலப்புறம் வழிந்து ஓடும். 'ஒருங்கிணைக்கப்பட்டுள்ளவர்களுக்கான' மாதிரி ஒரே சொல் அதற்குப் போதும். பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் சிஎஸ்எஸ் கிரிட்டில், இருக்கும் இடத்தில் ஒரு பங்கு என்னும் பொருளில் '1எஃப்ஆர்' என்று எழுதினால், உள்ளே இருக்கும் மிக நீளமான சொல்லைவிடப் பத்தி குறுகாது. உடனே எல்லாரும் நீளமான சொல்லை உடைக்கும் 'ஓவர்ஃப்ளோ-ராப்: பிரேக்-வேர்ட்' போட்டுப் பார்ப்பார்கள், வீக்கம் அப்படியே இருக்கும். பத்தியின் குறைந்தபட்ச அகலத்தைக் கணக்கிடும்போது பிரவுசர் அந்த உடைப்பைச் சேர்த்துக்கொள்வதில்லை. 'பிரேக்-வேர்ட்' என்பதை 'எனிவேர்' என்று மாற்றுங்கள், அப்போது சேர்த்துக்கொள்ளும். அல்லது '1எஃப்ஆர்' இருக்கும் இடத்தில் 'மின்மேக்ஸ்(0, 1எஃப்ஆர்)' எழுதி, பழைய 'பிரேக்-வேர்ட்' விதியை அப்படியே விட்டுவிடுங்கள். கிரிட்டுக்குப் பதில் பெட்டிகளை வரிசையாக அடுக்கும் ஃப்ளெக்ஸ்பாக்ஸ் என்றால் உள்ளிருக்கும் பெட்டிக்கு 'மின்-வித்: 0'.

ஆனால் 'எனிவேர்' கிடைத்த இடத்தில் சொல்லை வெட்டும். பெரிய தலைப்பில் அது அழகாக இருக்காது. அங்கே நானே சொல் இணையும் இடத்தில் 'டபிள்யூபிஆர்' டேக் வைத்துவிடுவேன்: 'ஒருங்கிணைக்கப்பட்டுள்ள' வரை ஒரு துண்டு, 'வர்களுக்கான' அடுத்த துண்டு. இடம் போதாதபோது மட்டும் சொல் அங்கே மடியும். தலைப்பின் எழுத்தளவுக்குக் கீழ் எல்லையும் மேல் எல்லையும் வைக்கும் 'கிளாம்ப்' பயன்படுத்தினால், அவற்றுக்குள் திரைக்கேற்ப அளவு கூடிக் குறையும். உரைக்கு வரி உயரம் 1.6 வையுங்கள், தமிழின் மேல்விலங்குகளும் கீழ்விலங்குகளும் மூச்சுவிட அந்த இடம் வேண்டும். பட்டன்களுக்கு நிலையான அகலமோ உயரமோ கொடுக்கவே வேண்டாம், எழுத்தைச் சுற்றி விடும் பேடிங் இடைவெளி மட்டும் போதும்.

படங்களுக்கு 'மேக்ஸ்-வித்: 100%', 'ஹைட்: ஆட்டோ'. கூடவே எச்டிஎம்எல்லில் அகலமும் உயரமும் எழுதிவிடுங்கள், படம் வந்து சேரும்போது படித்துக்கொண்டிருக்கும் வரி கீழே குதிக்காது. ஒரே படத்தின் பல அளவுகளைப் பட்டியலிடும் 'எஸ்ஆர்சிசெட்', படம் எவ்வளவு அகலத்தில் தெரியும் என்று சொல்லும் 'சைஸஸ்' இரண்டும் சேர்ந்தால் சின்னத் திரைக்குச் சின்னப் படம் போகும், டேட்டா மிச்சம்.

படமும் தலைப்பும் சேர்ந்த ஒரே கார்டு பக்கத்தின் ஓரத்திலும் நடுவிலும் வருகிறதா? திரையை அளக்காமல், அது உட்கார்ந்திருக்கும் பெட்டியை அளக்கும் கன்டெய்னர் குவெரியை எழுதுங்கள். 2023 முதல் முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் அது இயங்குகிறது.

படிவங்களில் உள்ளீட்டுப் பெட்டியின் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைந்தால், ஐஃபோன் சஃபாரி தட்டியவுடன் தானாக ஜூம் ஆகிவிடும். ஹோவர் செய்தால்தான், அதாவது மவுஸை மேலே கொண்டுபோனால்தான் திறக்கும் மெனுவும் வேண்டாம், விரலுக்கு ஹோவர் கிடையாது.

கடைசியாக, பிரவுசருக்குள்ளேயே ஃபோன் திரையைப் போலக் காட்டும் டெவ்டூல்ஸை மட்டும் நம்பாமல் ஒரு ஃபோனைக் கையில் எடுங்கள். கீபோர்டு மேலே வரும்போது 'அனுப்பு' பட்டன் மறைகிறதா, ஃபோனைப் படுக்கவைத்தால் மேலே ஒட்டியிருக்கும் தலைப்புப் பட்டை பாதித் திரையை விழுங்குகிறதா என்று பாருங்கள். விழுங்கினால், உயரம் குறைந்த திரைகளுக்கு பட்டையை மேலே ஒட்டவைக்கும் அந்த 'ஸ்டிக்கி'யை மீடியா குவெரியில் எடுத்துவிடுங்கள்.