வெறும் கயிற்றோடு இரண்டு வாரம்

நாய் வளர்க்கலாமா என்று வீட்டில் கேட்டால் எல்லோரும் உடனே தலையாட்டிவிடுவார்கள். அந்தத் தலையாட்டலை நம்பி நாயைக் கொண்டுவந்துவிடாதீர்கள். முதலில் இரண்டு வாரம் ஒத்திகை பாருங்கள்.

நாய் வந்துவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். காலை 5.30க்கு எழுந்து, வெறும் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நடக்க வேண்டும். மழையானாலும் சரி. மாலையிலும் அதேபோல. குட்டிதான் வேண்டும் என்றால் இரவு 2 மணிக்கும் அலாரம் வையுங்கள். இரண்டு மாதக் குட்டியால் விடியும்வரை சிறுநீரை அடக்க முடியாது. யார் எழுந்தார்கள் என்று அன்றன்றே காலண்டரில் எழுதிவிடுங்கள்.

எங்கள் காலண்டரில் 14 நாளில் 11 நாள் என் பெயர். என் கணவர் ஒரு நாள். நாய் வேண்டும் என்று ஒரு வருடமாகக் கெஞ்சிய பத்து வயது மகன் இரண்டு நாள். அவனை நான் திட்டவில்லை. நாய்கள் சாதாரணமாக 10 முதல் 13 வருடம் வாழும். அவன் படிப்பு, வேலை என்று கிளம்பிப்போன பிறகும் அது வீட்டில் இருக்கும். பிள்ளை கேட்டான் என்பதற்காக மட்டும் நாய் வாங்கக் கூடாது. வேலை மொத்தத்தையும் ஏற்கப் பெரியவர் ஒருவராவது தயாராக இருக்க வேண்டும்.

அந்த இரண்டு வாரமும் வீடு எத்தனை மணி நேரம் பூட்டிக் கிடக்கிறது என்றும் குறித்துவையுங்கள். எங்களுக்கு ஒன்பது மணி நேரம் வந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. வெளியூர் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்? "யாராவது இருப்பார்கள்" என்பது பதில் ஆகாது. அந்த ஆளிடம் நேரில் கேட்டுச் சம்மதம் வாங்குங்கள்.

வாடகை வீடென்றால் உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். தடுப்பூசி, பூச்சி மருந்து, கருத்தடை எல்லாவற்றுக்கும் எவ்வளவு ஆகும் என்று கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். திடீர் வைத்தியத்துக்கென்று தனியாகவும் கொஞ்சம் சேர்த்துவையுங்கள். யாருக்காவது ஒவ்வாமை இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், நாய் உள்ள வீட்டுக்கு நாலைந்து முறை போய் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

பயப்படுகிறவர்களையும் அப்படித்தான் கூட்டிப்போக வேண்டும். என் மாமியாருக்குச் சின்ன வயதில் நாய் கடித்த பயம், போதாததற்கு மூட்டுவலி. காலுக்குள் ஓடும் குட்டி அவரைத் தள்ளிவிட்டால் என்ன ஆகும்? அவர் மனசாரச் சரி என்று சொல்லும்வரை காத்திருப்பது என்று முடிவெடுத்தோம்.

எட்டு மாதம் கழித்து, கணவருக்கு வீட்டிலிருந்து வேலை கிடைத்ததும் மறுபடி ஒத்திகை பார்த்தோம். இந்த முறை காலண்டரில் அவர் பெயர் ஆறு நாள் இருந்தது. அப்புறம்தான் நாய் பார்க்கப் போனோம். குட்டி வேண்டாம் என்று, மூன்று வயதான, நிதானமான நாயாகத் தேர்ந்தெடுத்தோம். அன்று மாமியாரும் கூட வந்திருந்தார்.