மரபணு அறிக்கையில் எஃப்.டி.ஓ. வரியைப் படிப்பது எப்படி?

அறிக்கையில் "உடல் பருமன்: ஆபத்து அதிகம்" என்று இருந்தால், எந்த மரபணுவை வைத்து அப்படிச் சொல்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அது எஃப்.டி.ஓ.வாக இருக்கும். 2007-இல் சர்க்கரை நோய்க்கான மரபணுக்களைத் தேடியபோது ஐரோப்பியர்களிடம் சிக்கியது இது. பிஎம்ஐயின் (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் எண்) பங்கைக் கழித்துப் பார்த்ததும் நோயோடு இருந்த தொடர்பு மறைந்துவிட்டது. அதாவது, மரபணு எடையைக் கூட்டுகிறது, எடை நோயைக் கொண்டுவருகிறது. ஆனால் 2009-இல் இந்தியர்களிடம் பார்த்தபோது, பிஎம்ஐயைக் கழித்த பிறகும் தொடர்பு மிஞ்சியது. ஆகவே ஒல்லியாக இருக்கிறோம் என்று நாம் சர்க்கரைப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

அடுத்து ஆர்எஸ்9939609 என்ற வரி. இது அந்த மரபணுவில் ஆளுக்கு ஆள் எழுத்து மாறும் ஓர் இடத்தின் அடையாள எண். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என அங்கே இரண்டு எழுத்துகள் இருக்கும். எடை கூட்டும் எழுத்து ஏ, மற்றது டி. ஒரு ஏ இருந்தால் சராசரியாக ஒன்றரை கிலோ, இரண்டு இருந்தால் சுமார் மூன்று கிலோ கூடும், அவ்வளவுதான். பலர் தவறுவது இங்கேதான்: டிஎன்ஏவின் இரண்டு இழைகளில் ஏ-க்கு எதிரே எப்போதும் டி. ஆய்வகம் எதிர் இழையைப் படித்திருந்தால் 'ஏஏ' என்பது 'டிடி' என்று அச்சாகி, ஆபத்து இல்லாததுபோலத் தெரியும். சரிபார்க்க, பக்கத்தில் ஆர்எஸ்1421085 இருக்கிறதா பாருங்கள். இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். அதில் சி அல்லது ஜி இருந்தால் எடை கூட்டும் வகை. டி அல்லது ஏ என்றால் இல்லை. சி-க்கு எதிரே எப்போதும் ஜி என்பதால், எந்த இழையைப் படித்தாலும் இதில் குழப்பம் வராது.

பிறகு இடுப்புச் சுற்றளவை அளக்க இஞ்சு டேப்பை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், சட்டைக்கு மேல் அல்ல, தோலின் மேல் அளக்க வேண்டும். பேன்ட் கட்டும் இடத்தில் அளந்தால் தொப்பை கணக்கில் வராமல் போகும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. அதைத் தாண்டினால், எழுத்து எதுவாக இருந்தாலும், எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பாருங்கள். எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 சதவீதம் வரை என்றால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. ஆண்டுதோறும் பார்க்க வேண்டும்.

"ஜீன் இப்படி, இனி என்ன செய்தாலும் குறையாது" என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். உணவுக் கட்டுப்பாட்டிலும் உடற்பயிற்சியிலும் இரண்டு ஏ உள்ளவர்களுக்கும் மற்றவர்களைப் போலவே எடை குறைகிறது. உடலுழைப்பு உள்ளவர்களிடம் இந்த மரபணுவால் வரும் பருமன் ஆபத்து ஏறத்தாழ 27 சதவீதம் குறைவு. வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை போதும். 80 கிலோ உள்ளவர் முதலில் ஐந்தாறு கிலோ குறைக்கட்டும். சர்க்கரையோடு முழங்கால் மூட்டின் சுமையும் இறங்கும்.